தினைக்காட்டு மணி

ஞாயிற்றுக்கிழமைக் காலை. எடப்புளி நாட்டு மலையூரின் மேல் பனி இன்னும் விலகவில்லை. புல் வேய்ந்த சிறிய வேதக்கோயிலின் முன்னால், பலாக்கிளையில் தொங்கும் வெண்கல மணியை இருசாயி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்காட்லாந்துப் பாதிரியார் கூலியாட்களின் தலையில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்த மணி அது. பாதிரியார் காய்ச்சலோடு கீழே இறங்கிப் போய்விட்டார். சபையில் இப்போது மிச்சம் அவள் ஒருத்திதான். ராத்திரி மழையில் கயிறு இற்று அறுந்து, நுனி அவள் கைக்கு எட்டாத உயரத்தில் ஆடுகிறது. கீழே சரிவில், முற்றிய தினைக்கதிர்களின் மேல் கிளிகள் பச்சையாய் அப்பிக் கிடக்கின்றன. வரப்பேறி வருகிறார் ஊர்க்கவுண்டர் சடையன். வேதத்தில் சேர்ந்தவளோடு யாரும் பேசக்கூடாது என்று போன வருஷம் ஊருக்குக் கட்டுப்பாடு போட்டவர் அவர்தான். அவளைப் பார்க்காமல் மணியைப் பார்த்துக் கேட்கிறார்: “ஏன், இன்னைக்கு இன்னும் அடிக்கலே? கிளி பூராவும் தினையிலதான் உக்காந்திருக்குது.” இருசாயியும் மணியைப் பார்த்தே சொல்கிறாள்: “கவுறு அந்துபோச்சுங்க. எனக்கு எட்டலீங்க.” சடையன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்லின் மேல் ஏறி, கயிற்றின் நுனியைப் பிடித்து இழுக்கிறார். ஓசை பள்ளத்துக்குள் இறங்குகிறது. சரிவே எழுந்து பறப்பது போலக் கிளிகள் கிளம்புகின்றன. இருசாயி உள்ளே போய் முழங்காலிடுகிறாள். கடைசிக் கிளியும் பனியில் மறையும்வரை அடித்துவிட்டு, அவர் மணியிடமே சொல்கிறார்: “ஞாயித்துக்கெழமை மட்டும் கும்பிட்டா எப்படி? கதிரு அறுக்கற வரைக்கும் தெனமும் கும்பிடச் சொல்லு.”