சுவரில் இரண்டு பட்டைகள்

ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மூவரும் கண்திரைக் கண்ணாடியைக் கழற்றி வைப்பது என்று முடிவாயிற்று. யோசனை என் மனைவி ரெஜினாவுடையது. மூன்று ஜோடிகளையும் வாங்கி எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினாள்.

நிமிர்ந்து பார்த்த மகள் ஷெரின் திடுக்கிட்டாள். "அப்பா, நம்ம வீட்டுச் சுவரு ஏன் இப்படி இருக்கு?"

பதினைந்து வருடமாக எனக்கு அந்தச் சுவர் ஆகாய நீலம். ரெஜினாவுக்கு மாம்பழ மஞ்சள். ஷெரினுக்கு வாரம் ஒரு காடு. உண்மையில் அது ஈரம் ஏறி உப்பிய வெறும் சுண்ணாம்புச் சுவர். நடுவில் மட்டும் கையகலத்துக்கு இரண்டு பெயின்ட் பட்டைகள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.

கல்யாணமான புதிதில் மாதிரிக்கு அடித்துப் பார்த்தவை அவை. ஒரு வாரம் ஓயாத சண்டை. மத்தியானம் இருவரும் பட்டினி கிடப்போம். சாயங்காலம் ஒரே தட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். அடுத்த வாரம், அவரவர் விரும்பியபடி எதையும் மாற்றிக் காட்டும் கண்திரை வந்தது. பிறகு சண்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"கடைசியில எந்தக் கலர் ஜெயிச்சுது?" என்றாள் ஷெரின்.

ரெஜினா மஞ்சள் பட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

நேரம் முடிந்ததென்று கடிகாரம் ஒலித்தது. யாரும் டப்பாவைத் திறக்கவில்லை.

"நீலம் அழுது வடியும்னு அன்னிக்கே சொன்னேன்," என்றாள் ரெஜினா.

"உன் மஞ்சள் கண்ணைக் குத்தும்னு நானும் சொன்னேன்."

நாங்கள் சண்டை போட்டு ஷெரின் பார்த்ததே இல்லை. டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.