அஷ்டமியில் ஊசி எதற்கு?

"இன்னிக்கி வேணாம்மா. அஷ்டமி."

மகள் அகல்யாவுக்கு ரத்தம் எடுக்க வந்த லேப் பெண்ணை வாசலோடு அனுப்பிவிட்டான் தேவா. ஷர்மிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் ஓவர்டைம் என்றான். அதற்கு முன்னால் கரிநாள் என்றான். கல்யாணத்தையே ராகுகாலத்தில் செய்துகொண்ட மனுஷனுக்குத் திடீரென்று அஷ்டமியாம்!

"இன்னாங்க, வெளையாடுறீங்களா? உங்க அண்ணன் ஷட்டில் ஆடிக்கினே சுருண்டு விழுந்தாரு. பொழைச்சதே பெரிசு. பரம்பரையா வர்ற இதயக் கோளாறு, தம்பி குடும்பத்தையும் டெஸ்ட் பண்ணிடுங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"உங்க அண்ணி உடனே புள்ளைங்களுக்கு எடுத்துட்டாங்க. நீங்க?"

"எடுக்கலாம் ஷர்மி. இன்னா அவசரம்?"

அவசரமாவது! அகல்யா எட்டாவது படிக்கிறாள். ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் அவள் ஓட வந்தால் பையன்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. ஆனால் பெரியப்பா விழுந்த சேதி வந்த அன்றே அவளுடைய ஷூவைப் பரணில் ஏற்றிவிட்டாள் ஷர்மிளா. ஒரு தும்மல்கூட இல்லாத பெண், நோயாளி மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. பார்க்கப் பார்க்கப் பெற்றவளுக்கு வயிறு எரிந்தது.

"வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணை எவனும் கட்டிக்க மாட்டான்னு பயம். அதானே? நீங்கல்லாம் ஒரு அப்பாவா?"

தேவாவின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு துவைக்கிற கல் பக்கம் போனான்.

"ஆமா டாக்டர், தேவாதான்... நெஜமாவா? இன்னொரு தபா சொல்லுங்க டாக்டர்."

அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது.

எழுந்து வந்தவன் ஸ்டூலைப் போட்டு ஏறி ஷூவை எடுத்தான். சட்டையிலேயே தூசியைத் துடைத்து மகளிடம் நீட்டினான்.

"போ கண்ணு, ஓடு."

அகல்யா லேஸ்கூட ஒழுங்காகக் கட்டவில்லை. பறந்துவிட்டாள்.

"டெஸ்ட் எடுக்காம எப்படி வுடுவீங்க?" ஷர்மிளா கத்தினாள்.

"எடுத்தாச்சு."

"எப்போ? அவ மேல ஊசியே படலியே!"

"எனக்கு எடுத்தாச்சு. அண்ணன்கிட்ட கீற அந்தக் கெட்ட ஜீன், என்னைத் தாண்டித்தானே அவளுக்கு வரணும்? எனக்கு இல்லன்னா கொழந்தைய ஏன் குத்தணும்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அதுதான் சரி, மொதல்ல நீங்க குடுங்கன்னாரு. குடுத்துட்டு ஒரு மாசமா காத்துக்கினு கீறேன். இப்பதான் சொன்னாரு. எனக்கு இல்ல ஷர்மி. அவளுக்கும் வராது."

ஷர்மிளா சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதும்தான் இன்னொன்று உறைத்தது. இவனுக்கும் அந்தக் கோளாறு இருந்திருக்கலாமே என்று அவளுக்கு ஒரு முறைகூடத் தோன்றியதில்லை.

"அப்ப அஷ்டமி, கரிநாள்லாம்? சொல்லியிருந்தா உங்களை நான் இவ்ளோ திட்டியிருப்பேனா?"

"பொண்ணுக்காகப் பயப்படவே உனக்கு நேரம் சரியா இருந்துச்சு. எனக்கும் சேர்த்துப் பயப்பட வேணாமேன்னுதான் திட்டு வாங்கிக்கினேன்."