முன்னால் போகும் குரல்

ஆஸ்திரியாவின் மலைச்சரிவு ஒன்றின் உச்சியில், பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு க்ரெஸென்ஸ் நிற்கிறாள். கன்னத்தில் சூடு படுவதை வைத்துத்தான் காலை வெயில் ஏறியிருப்பது அவளுக்குத் தெரிகிறது. பிறவியிலேயே பார்வை இல்லை. முன்னால் வழிகாட்டிக்கொண்டு போகிற இர்ம்கார்டின் குரலை மட்டும் நம்பி இருபது வருடம் போட்டிகளில் இறங்கியவள், பதினொரு பதக்கம் வாங்கியவள். கடைசிப் போட்டி இதே சரிவில்தான் நடந்தது. “இன்னும் வேகமாப் போடி” என்று அன்று பின்னாலிருந்து க்ரெஸென்ஸ் கத்தினாள். அடுத்த வளைவில் குரல் நின்றுபோனது. இர்ம்கார்ட் மரத்தில் மோதி இறந்துகிடந்தாள். அன்றோடு விலகியவள் ஒன்பது வருடமாகப் பனியில் கால் வைக்கவில்லை.

இன்று முன்னால் நிற்பது இர்ம்கார்டின் மகள் ரோஸ்வீதா. முதுகில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொள்கிற சரசரப்பு கேட்கிறது. “அத்தை, கேக்குதா?” அம்மாவின் குரலேதான், அந்த மூக்கடைப்பு உட்பட. பழைய பழக்கத்தில் க்ரெஸென்ஸின் முழங்கால்கள் சறுக்கும் நிலைக்குத் தாமாகவே மடிகின்றன.

“உங்கம்மாவ வேகமாப் போகச் சொன்னது நான்தான். தெரியுமா உனக்கு?”

ரோஸ்வீதா பலகைகளைச் சரிவின் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்கிறது.

“தெரியும் அத்தை. மெதுவாப் போன்னு சொல்லியிருந்தா மட்டும் எங்கம்மா கேட்டிருக்குமாக்கும்? வாங்க.”

பனி கிழிபடுகிறது. “இடது... இடது...” குரல் தூரமாகிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்சம் நின்றால் கேட்காமலே போய்விடும். க்ரெஸென்ஸ் தடியை ஊன்றித் தள்ளுகிறாள். காற்று முகத்தில் அறைகிறது.

“மெதுவாடி,” என்று கத்துகிறாள், “மெதுவாப் போ, இர்ம்கார்ட்.”

முன்னால் குரல் ஒரு கணம் தயங்குகிறது. பிறகு, பெயரைத் திருத்தாமல், “வலது” என்கிறது.