காரணம் கேட்கும் கட்டம்

மழைக்கு முந்தைய மங்கிய வெளிச்சத்தில் அவள் சாப்பாட்டு மேசைமேல் பயிற்சி நோட்டை விரித்து வைத்திருக்கிறாள். மின்சாரத்தைச் சேமித்து வைப்பது பற்றிய வகுப்பில் இந்த வாரப் பாடம், வீட்டிலுள்ள ஒரு கருவிக்கு ஏற்ற பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது. மற்றவர்கள் ஃபிரிட்ஜையும் மின்விசிறியையும் எடுத்துக்கொள்ள, அவள் எடுத்திருப்பது கணவரின் ஆக்சிஜன் மிஷினை. அறை மூலையில் அது உஸ்ஸென்று இழுத்து விடுகிறது. அதிலிருந்து கிளம்பும் குழாய் தரையில் வளைந்து நெளிந்து, ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் மூக்கில் போய் முடிகிறது. முந்நூறு வாட், ஆறு மணி நேர மின்வெட்டு. பெருக்கி, அடியில் கோடு போடுகிறாள். "எதுல வந்து நிக்குது?" என்கிறார் அவர். "ரெண்டு வகை ஒத்து வருதுங்க. சாதா பேட்டரி மூணு வருஷம் உழைக்கும். லித்தியம்னா பத்து வருஷம்." அவர் குழாயை விரலால் நீவிக்கொண்டே இருக்கிறார். ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு இரண்டு மூச்சு வேண்டும். "அப்போ சாதாவே... போதும். எனக்கு அதுவே ஜாஸ்தி." சிரிக்கப் பார்த்து இருமுகிறார்.

அவள் நிமிர்வதில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்கிறாள். கணக்குப்படி அவர் சொல்வதுதான் சரி; தேவைக்கு மேல் வாங்காதீர்கள் என்றுதான் ஆசிரியையும் படித்துப் படித்துச் சொன்னாள். வெளியே முதல் தூறல் தகரத்தில் சடசடக்கிறது. 'எத்தனை வருடம் தேவை' என்ற கட்டத்தில் பேனாவை அழுத்தி, பத்து என்று எழுதுகிறாள். பக்கத்தில், 'காரணம்' என்று கேட்டிருக்கும் கட்டத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தைத் திருப்புகிறாள்.