பலூன் தீர்ந்த செவ்வாய்க்கிழமை

பலூன் வெடித்தது.

சோப்பு நுரை அவன் மூக்கில், சட்டையில், சுவர்க் கண்ணாடியில்.

காலையிலிருந்து இது நாலாவது.

செண்பகம் கண்ணைத் திறந்தாள். பலூன் வெடிப்பதற்கு முன்பே மூடிக்கொண்டிருந்தாள். சத்தத்துக்குப் பயந்து இல்லை. புருஷன் கை உயர்ந்தாலே அவளுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் வந்த பழக்கம். அவன் குடியை விட்டு இருபத்து மூன்று நாள் ஆகிறது. அவள் இமைகளுக்கு இன்னும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

அவனுக்கும் அது தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதில்லை.

பேத்தி பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சின பாக்கெட். அதைத் துழாவி ஒரு மஞ்சள் பலூனை எடுத்து ஊதினாள். முடிச்சுப் போட்டு, அவன் முன்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை. சலூனுக்கு விடுமுறை. ஊரில் ஒருத்தரும் முகத்தில் கத்தி படவிடாத நாள். அதனால்தான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இந்தக் கூத்து.

பதினாறு வயதில் அவன் அப்பா இப்படித்தான் பழக்கினார். பலூன் முழுக்க நுரை பூச வேண்டும். கத்தியால் வழித்தால் நுரை வர வேண்டும், பலூன் இருக்க வேண்டும். மூன்றே நாளில் படிந்த கை.

ஐம்பது வயதில் மறுபடி முதலிலிருந்து.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை. குடித்துக்கொண்டிருந்த காலத்திலும் கத்தி பிடித்தால் ஆடாது. விடிந்ததும் ஒரு மூடி உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு மூடியைக் காப்பிக்கு முன்னால் ஊற்றிக் கொடுத்தவளும் செண்பகம்தான். முதல் ஆளின் கழுத்தைக் கீறிவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு.

விட்ட பிறகுதான் கை ஆடுகிறது.

போகப் போக நின்றுவிடும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். போகப் போக என்றால் எப்போது என்று இவனும் கேட்கவில்லை.

நல்லதும் நடக்காமல் இல்லை. காலையில் பசிக்கிறது. நாலு இட்லி இறங்குகிறது. பேத்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் மடியில் ஏறுகிறாள்.

ஆனால் கை மட்டும்.

இத்தனை நாளும் மிஷின் கட்டிங்கோடு ஓட்டிவிட்டான். சவரம் என்று வந்தவர்களை எதிர்க் கடைக்கு அனுப்பினான்.

நாளைக்கு அனுப்ப முடியாது.

ரைஸ்மில் வீட்டு மாப்பிள்ளை வருகிறான். மறுநாள் முகூர்த்தம். அவன் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் மாப்பிள்ளைச் சவரம் இந்தக் கடையில்தான் நடந்தது. தாலி கட்டப் போகிறவன் முகத்தில் ரத்தம் பார்த்தால் வெறும் கீறல் என்றா ஊர் விடும்? அப்புறம் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

மஞ்சள் பலூனும் வெடித்தது.

ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன. குனிந்து நுழைந்தான் பக்கத்து சைக்கிள் கடை ஒச்சப்பன். பழைய கூட்டாளி.

"என்னா மாப்ள, டப்பு டப்புன்னு சத்தம்? பேத்திக்கு வருஷத்துக்கு ரெண்டு பொறந்தநாளா?"

தரையில் கிடந்த ரப்பர் துணுக்குகளைப் பார்த்தான். அப்புறம் கத்தி பிடித்திருந்த கையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. இடுப்பிலிருந்து ஒரு குவார்ட்டரை உருவி, கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"கெடுதலுக்குச் சொல்லல. நாளைக்குக் காலைல ஒரே ஒரு மூடி. மாப்ளப் பயல அனுப்பிட்டு மறுபடி விட்டுக்க. என்ன தங்கச்சி, நான் சொல்றது?"

செண்பகம் பலூன் பாக்கெட்டைத் தலைகீழாக உதறிக்கொண்டிருந்தாள். ஒன்றும் விழவில்லை.

"அண்ணே, போறப்ப ஷட்டரத் தரை வரைக்கும் இழுத்து விட்டுட்டுப் போங்க."

ஒச்சப்பன் போனான். பாட்டில் போகவில்லை.

டியூப்லைட் வெளிச்சத்தில் அது தேன் மாதிரி இருந்தது. அவன் கை இன்னும் கொஞ்சம் ஆடியது, வளர்த்தவனைக் கண்ட நாயின் வால் மாதிரி.

"நாளைக்கு மட்டும்," என்றான். "நீயே ஊத்திக் குடு. மூடிக்கு மேல கேக்க மாட்டேன்."

அவள் காலிப் பாக்கெட்டைக் கசக்கி எறிந்தாள்.

நாற்காலியில் தெறித்திருந்த நுரையை முந்தானையால் துடைத்தாள். ஏறி உட்கார்ந்தாள். எத்தனையோ வருடமாக அதைத் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. கால் தரையை எட்டவில்லை.

"தாடைக்குக் கீழ நாலு முடி மொளச்சுக் கெடக்கு. ரொம்ப நாளா உறுத்துது. எடுத்து விடுங்க."

"கிறுக்கா புடிச்சிருக்கு? செவ்வாக்கெழமையும் அதுவுமா. பொம்பள வேற."

"நாலு முடிக்கு நாள் பாக்கணுமாக்கும்."

தலையைப் பின்னால் சாய்த்தாள். தாலிக்கயிற்றை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

பாட்டிலைத் தாண்டித்தான் கத்தியை எடுக்க வேண்டும்.

கை நீண்டது. பாட்டிலருகே நின்றது. கொஞ்ச நேரம் நின்றது.

அப்புறம் தாண்டியது.

பழைய பிளேடைக் கழற்றி எறிந்தான். புதியதைப் பாதியாக ஒடித்துச் செருகினான். பிரஷ்ஷை நனைத்து, அவள் தாடையிலும் கழுத்திலும் நுரை பூசினான்.

கத்தியோடு கை உயர்ந்தது. ஆடிக்கொண்டேதான் உயர்ந்தது.

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான்.

கண் திறந்தே இருந்தது.