ஐந்து சிவப்புக் கற்கள்

சமயநல்லூர் தேவாலயத்துக்குப் பிரகாசம் கல் பதித்த பொற்சிலுவை ஒன்று கொடுத்தார். ஆண்டவரின் ஐந்து காயங்களுக்கு ஐந்து சிவப்புக் கற்கள். கொடுத்தவர் பெயர் அவற்றைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. காளவாசலில் அவர் கட்டிய குடியிருப்பின் செப்டிக் டேங்கில் கூலியாள் சூசை செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. குடித்துவிட்டுத் தானாக விழுந்தான் என்பது பிரகாசத்தின் வாக்குமூலம்.

மந்திரிக்கும் முன் பாதர் சிலுவையைத் துடைத்தார். கற்களிலிருந்து கறுப்புச் சேறு வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது.

“தட்டான் போட்ட பாலிஷ், பாதர்,” என்றார் பிரகாசம், மூக்கைப் பொத்திக்கொண்டு.

சூசையின் மனைவி பாக்கியம் எழுந்து வந்தாள்.

“அன்னைக்கும் அவர உள்ள எறக்கிவிட்டுட்டு இப்படித்தானய்யா மூக்கப் பொத்திக்கிட்டு நின்னீரு? குடுங்க பாதர். அவரு மூஞ்சியத் தொடச்ச கைதான் இது.”

முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். கற்கள் பளிச்சென்று மின்னின.

உடனே பிரகாசம் அதைப் பிடுங்கிப் போட்டோவுக்கு நின்றார்.

போட்டோவில் எல்லாரும் தரையில் நிற்கிறார்கள். பிரகாசம் மட்டும் கழுத்துவரை சேற்றில் நின்று சிரிக்கிறார்.