கடைசிப் பதினாறு பக்கம்

கண்ணுச்சாமியின் இடுப்பில் அரிவாள் இருந்தது. கையில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு புத்தகம்.

"திருவாதவூரு. தங்கப்பொண்ணோட அய்யா நான். சித்திரைத் திருவிழாவுல எம்மகளுக்கு இந்தப் பொஸ்தகத்தை வித்தது நீங்கதானா, ராவுத்தரே?"

பைண்டிங் கடை சேக் இஸ்மாயில் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். ஆறு மாதமாக எந்த நாளை நினைத்துப் பயந்தாரோ, அந்த நாள் அரிவாளோடு வந்து நிற்கிறது.

கிழிந்த நாவல்களை வாங்கிப் பிரித்து, புதிதாகத் தைத்து அட்டை போட்டு விற்பது அவர் தொழில். 1936, தாது வருஷத்துத் திருவிழா அவசரத்தில் இரண்டு நாவல்களை ஒரே நேரத்தில் தைத்தார். ஒன்று செங்கமலம் என்ற கிராமத்துப் பெண்ணின் காதல் கதை. மற்றது நீலாம்பாள் என்பவள் கப்பலேறிக் கண்காணாத தேசம் போகும் கதை.

இரண்டும் ஒரே அளவு, ஒரே பழுப்பு, சொல்லி வைத்தாற்போல் நூற்றிருபத்தெட்டுப் பக்கம். பைண்டருக்குக் கதை எதற்கு? பக்க எண் வரிசையாக இருந்தால் போதும். கடைசிப் பதினாறு பக்கம் இதற்கு அதுவும் அதற்கு இதுவுமாக மாறிப்போனது மனிதருக்குத் தெரியவே இல்லை.

கப்பல் கதையை வாங்கிப்போன வக்கீல் குமாஸ்தாதான் திரும்பி வந்து சத்தம் போட்டார். "என்னய்யா ராவுத்தர், நடுக்கடல்ல போய்க்கிட்டு இருந்தவ, பக்கத்தைத் திருப்புனா ஊர்க் கிணத்துல செத்து மிதக்குறா! பேரு வேற செங்கமலம்ங்கிறான்!"

இஸ்மாயிலுக்குச் சிரிப்பு வந்தது. திருவாதவூரிலிருந்து காய்கறி கொண்டுவரும் விருமாண்டி மறுவாரம் சொன்ன செய்தியில் அந்தச் சிரிப்பு செத்துப்போனது.

"எங்க ஊர்த் தங்கப்பொண்ணு, கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில, தோட்ட வேலைக்குக் கங்காணி கூட்டிட்டுப் போன ஆளுகளோட சேந்து பினாங்குக்குக் கப்பலேறிட்டா. எல்லாம் உங்க கடையில வாங்குன கதைப் பொஸ்தகத்தைப் படிச்சுத்தான்னு ஊரே பேசுது!"

அந்தப் பெண்ணை இஸ்மாயிலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நாலு பக்கம் புரட்டிவிட்டு, "கடைசியில செங்கமலத்துக்கு என்னாகுது?" என்று கேட்டாள். "வாங்கிப் படிச்சுப் பாரு தாயி" என்று சிரித்தவர் அவர்தான். அன்றிலிருந்து தொழுகையில் குனிந்தாலும் அவருக்குக் கப்பல்தான் தெரிந்தது. ஊசி பிடித்த கையால் ஒரு குடும்பத்து மானத்தையே பிரித்துவிட்டோமே என்று மறுகினார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நான்தான்ணே வித்தேன். நான்தான் தப்பாத் தச்சேன்" என்றார். "உங்க மக கப்பலேறுனது என் பாவம். வெட்டுறதுன்னா வெட்டிருங்க."

கண்ணுச்சாமி திகைத்துத் தன் இடுப்பைப் பார்த்தார். "அட, நீங்க வேற. இது சாணை பிடிக்கக் கொண்டாந்தது. பொஸ்தகம் நைஞ்சு போச்சு, தச்சு வாங்கிப் போகலாம்னு வந்தேன். என்னத்தைத் தப்பாத் தச்சீக?"

துணியை அவிழ்த்தார். புத்தகம் மழையில் நனைந்து உப்பி, அட்டையில் பாசி காய்ந்து கிடந்தது.

இஸ்மாயில் மாடத்திலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்தார். குமாஸ்தா திருப்பிக் கொடுத்ததிலிருந்து பிரித்து வைத்தது. "இதுதான்ணே செங்கமலத்தோட அசல் முடிவு. கப்பலு வேற கதை. ஒரு நிமிசம் பொறுங்க, கப்பலை எடுத்துட்டு இதைச் சேத்துச் சரியாத் தச்சுத் தாரேன்."

"அசல்ல அவளுக்கு என்னாகுது?"

"கிழவனுக்குக் கட்டிவைக்கப் பாக்குறாக. கிணத்துல விழுந்து செத்துப்போறா."

சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துப் பழைய தையலில் வைத்தார்.

கண்ணுச்சாமி பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"பிரிச்சுராதீக!"

மடியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்தார். "பினாங்குலேருந்து மக போட்டது. எனக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரரு நாலு தடவ படிச்சுச் சொன்னாரு. நீங்களும் படிங்க."

இஸ்மாயில் வாய்விட்டுப் படித்தார்.

'அய்யாவுக்கு, நான் நல்லா இருக்கேன். அறுபது வயசுக்காரருக்கு ரெண்டாந்தாரமா என்னைப் பேசி முடிச்ச அன்னைக்கு, நான் கிணத்து மேட்டுலதான் போய் உக்காந்தேன். செங்கமலத்துக்கும் என் கதைதான். அவ என்ன முடிவு எடுக்குறாளோ அதுதான் எனக்கும்னு நினைச்சுக்கிட்டுக் கடைசிப் பக்கங்களைப் படிச்சேன். அவ கப்பலேறிப் பேரையும் நீலாம்பாள்னு மாத்திக்கிட்டா. நானும் பொஸ்தகத்தை அங்கனயே போட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். இங்க எம்பேரும் நீலாம்பாள்தான். அந்தப் பொஸ்தகத்தை எடுத்துப் பத்திரமா வைங்க.'

கத்தி இஸ்மாயிலின் கையிலிருந்து நழுவியது. கண்ணுச்சாமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். "பாவம் பண்ணுனது நீங்க இல்ல ராவுத்தரே, நான். அந்தக் கிழவன் தாரேன்னு சொன்ன மூணு காணி நிலத்துக்கு ஆசப்பட்டுப் பெத்த புள்ளையைத் தள்ளிவிடப் பாத்தேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். அசல் முடிவு இருந்த அந்தக் கற்றையை இஸ்மாயிலின் பக்கமே தள்ளி வைத்தார்.

"எங்க ஊர்ல இன்னும் அஞ்சாறு பொட்டப்புள்ளைக படிக்குதுக. அதுகளுக்கும் இதே மாதிரித் தப்பாவே தச்சுக் குடுங்க, ராவுத்தரே!"